ட்ரிக்கருக்கு அரம் போடலாமா? கம்மி விலை ஏர் ரைஃபிளும் ஒரு தாழ்ப்பாளும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

இன்னிக்கு ஏர் ரைஃபிள் பத்திப் பேசலாம். சரியா சொல்லணும்னா, அதுல இருக்கற ட்ரிக்கர் பத்தி மட்டும்.

திருவிழாவுல பலூன் சுடுற கடையில ஒரு தடவையாவது அந்தத் துப்பாக்கியைக் கையில பிடிச்சிருப்பீங்க. குறி கரெக்டா வெச்சிருப்பீங்க. விரலை இழுப்பீங்க, இழுப்பீங்க, இழுத்துக்கிட்டே இருப்பீங்க. எப்போ சுடும்னே தெரியாது. சுடும்போது குண்டு பலூனுக்குப் பக்கத்துல போயிருக்கும். "கடைக்காரர் பேரலை வளைச்சு வெச்சிருக்கார்டா"ன்னு சொல்லிட்டு நகர்ந்துடுவோம். பல நேரம் பேரல் பாவம், அது ஒண்ணும் பண்ணியிருக்காது. ட்ரிக்கர்தான் நம்ம கையைத் திருப்பி விட்டிருக்கும்.

இந்தத் தலைப்பை எடுக்கக் காரணம் ஒரு வாய்ஸ் நோட். எங்க ஊர், காஞ்சிபுரம் ஓரிக்கையில இருந்து ஒரு அக்கா அனுப்பியிருந்தாங்க. அவங்க பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா. ஸ்கூல் போட்டியில 'ஓப்பன் சைட்' ஏர் ரைஃபிள் பிரிவுல கலந்துக்க ஆசை. வீட்டுல சீட்டுப் பணம் எடுத்து ஒரு இந்திய ஸ்பிரிங் ரைஃபிள் வாங்கிக் குடுத்திருக்காங்க. அக்கா கேட்டது இதுதான்: "தம்பி, ட்ரிக்கர் கல்லு மாதிரி இருக்குப்பா. பாப்பா விரல் வலிக்குதுங்கறா. அவங்க மாமா ஏதோ வீடியோ பார்த்துட்டு, உள்ள இருக்கற கொக்கியை அரம் போட்டுத் தேய்ச்சா லேசாயிடும்னு சொல்றாரு. தேய்க்கலாமா?"

பதில்: வேண்டாம் அக்கா. ஏன் வேண்டாம்னு புரிஞ்சா, அந்த ரைஃபிளை வேற எப்படி நல்லா பண்ணலாம்னும் புரிஞ்சிடும்.

முதல்ல உள்ள என்ன நடக்குதுன்னு பார்ப்போம். பேரலை மடக்கி இழுக்கறோம் இல்லையா, அப்போ உள்ள ஒரு பிஸ்டன் பின்னாடி போகுது, ஒரு பெரிய ஸ்பிரிங் சுருங்குது. அந்த பிஸ்டனை ஒரு கொக்கி பிடிச்சு நிறுத்துது. அந்தக் கொக்கிக்குப் பேர் சியர். ட்ரிக்கரை இழுத்தா சியர் விலகும், பிஸ்டன் முன்னாடி பாயும், அதுக்கு முன்னால இருக்கற காத்து அழுத்தப்பட்டு குண்டைத் தள்ளும்.

இப்போ ஒரு கதவைக் கற்பனை பண்ணிக்கோங்க. உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்கு. வெளிய இருந்து ஒருத்தர் கதவு மேல முழு பலத்தையும் போட்டுத் தள்ளிக்கிட்டு நிக்கறார். இப்போ தாழ்ப்பாளைத் திறங்க பார்ப்போம். நகராது. தாழ்ப்பாள் எடையெல்லாம் ஒண்ணுமே இல்ல, அந்த ஆளோட தள்ளல்தான் அதைப் பிடிச்சு வெச்சிருக்கு. கம்மி விலை ரைஃபிள்ல பெரும்பாலும் இதே கதைதான். ஸ்பிரிங்கோட முழு பலமும் ஒரே ஒரு கொக்கி மேல நிக்குது. அந்தக் கொக்கியைத்தான் விரல் நேரடியா இழுக்குது.

ஒரு ரவுண்டு கணக்கு போடலாம். ஸ்பிரிங் 50 கிலோ பலத்துல தள்ளுதுன்னு வெச்சுக்கோங்க. கிரீஸ் போட்ட இரும்புக்கு உராய்வு 0.15. அப்போ கொக்கியை நகர்த்த 7.5 கிலோ வேணும். ட்ரிக்கர் ஒரு நெம்புகோல், அது மூணுல ஒரு பங்கா குறைச்சுக் குடுக்குதுன்னா விரலுக்கு 2.5 கிலோ வரும். ரைஃபிளோட எடையே ஏறக்குறைய 3 கிலோதான். அதாவது துப்பாக்கியைத் தூக்கிப் பிடிக்கற அளவு பலத்தை ஒத்தை விரல்ல குடுக்கறோம், அதே நேரத்துல துப்பாக்கி ஆடக் கூடாதுன்னு எதிர்பார்க்கறோம்.

ஆடினா என்ன ஆகும்? ஒரு மீட்டர் நீள ரைஃபிளோட நுனி 1 மில்லிமீட்டர் நகர்ந்தா, 10 மீட்டர் தூரத்துல குண்டு 10 மில்லிமீட்டர் தள்ளி விழும். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் இலக்குல நடுப்புள்ளியோட அகலம் வெறும் அரை மில்லிமீட்டர். ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் நடுவுல 2.5 மில்லிமீட்டர். அப்போ நுனி 1 மில்லிமீட்டர் நகர்ந்தா 4 பாயிண்ட் போச்சு. பாப்பாவோட கண்ணுல தப்பு இல்ல, கையிலயும் தப்பு இல்ல.

அப்போ அரம் போட்டா என்ன தப்பு? இதை எனக்குப் புரிய வெச்சவர் எங்க ஊர்ல லேத் பட்டறை வெச்சிருக்கற ஒரு அண்ணன். அவர் சொன்னது ரெண்டு விஷயம்.

ஒண்ணு, தோல். இந்த மாதிரி கொக்கிக்கு மேல்பரப்பை மட்டும் கடினமாக்குவாங்க, கேஸ் ஹார்டனிங்னு பேரு. அந்தத் தோல் ரொம்ப மெல்லிசு. "அரத்தை நாலு இழுப்பு இழுத்தா தோல் போயிடும்பா. உள்ள இருக்கறது மெத்து இரும்பு. இன்னிக்கு வழவழன்னு இருக்கும், ரெண்டு மாசத்துல முனை மழுங்கிடும்"னார்.

ரெண்டாவது, கோணம். இதுதான் பயமுறுத்தற விஷயம். கொக்கியும் பிஸ்டனும் சந்திக்கற இடத்துல ஒரு சின்ன சாய்வு இருக்கும். அது பத்திரமான பக்கம் சாஞ்சிருந்தா, ஸ்பிரிங் தள்ளத் தள்ள கொக்கி இன்னும் இறுகும். கையால தேய்க்கும்போது அது மறுபக்கம் சாஞ்சிடுச்சுன்னா, ஸ்பிரிங்கே கொக்கியை வெளிய தள்ளப் பார்க்கும். ட்ரிக்கரைத் தொடாமலே சுட்டுடும். பேரலை மடக்கி, விரலால குண்டு வைக்கற நேரத்துல அப்படி ஆச்சுன்னா, திறந்திருக்கற பேரல் அடிச்சுக்கிட்டு மேல வந்து மூடும். நடுவுல விரல் இருந்தா அவ்ளோதான். சுடும்போது பக்கத்துல தம்பி நின்னா, அதை விட மோசம்.

சரி, கம்பெனிக்காரங்க ஏன் முதல்லயே இதை லேசா பண்ணல? சோம்பேறித்தனம்னு சொல்லிட முடியாது. ஒரு பாகத்துக்கும் அடுத்த பாகத்துக்கும் அளவு கொஞ்சம் கூடக்குறைய வருதுன்னா, கொக்கியை ஆழமா மாட்ட வைக்கணும், சாய்வையும் பத்திரமான பக்கம் கொஞ்சம் அதிகமா வைக்கணும். அப்போதான் ஆயிரம் துப்பாக்கியில ஒண்ணு கூட தானா சுடாது. ஆழமா மாட்டினா இழுவை நீளும். சாய்வு அதிகமானா இழுக்கும்போது ஸ்பிரிங்கையே கொஞ்சம் பின்னாடி தள்ள வேண்டி வரும், அதனால கனமாகும். அந்தக் கல்லு ட்ரிக்கர்ங்கறது, அளவு துல்லியமா இல்லாத இடத்துல பாதுகாப்புக்குக் குடுத்த விலை. அரம் போடறவர் அந்தப் பாதுகாப்பைத்தான் தேய்ச்சு எடுக்கறார்.

அப்போ நிஜமான முன்னேற்றம் எங்க இருந்து வருது? ரெண்டு வழி.

முதல் வழி, நடுவுல இன்னொரு நெம்புகோல். திரும்பவும் கதவுக்கு வாங்க. பெரிய தாழ்ப்பாளை நேரா இழுக்காம, அதைப் பிடிச்சு நிறுத்தற ஒரு குட்டித் தாழ்ப்பாள் வைக்கறோம். விரல் குட்டியை மட்டும் இழுக்குது. நம்ம கணக்குல நடுவுல 5 மடங்கு குறைக்கற லீவர் ஒண்ணு சேர்த்தா, 50 கிலோ 10 கிலோவா மாறும், விரலுக்கு 2.5 கிலோவுக்குப் பதிலா அரை கிலோதான் வரும். ஜெர்மனியோட வைராவ்க் கம்பெனி 1950-கள்ல கொண்டு வந்த 'ரெக்கார்ட்' ட்ரிக்கர் இந்த ரகம். டயானா கம்பெனி சில மாடல்கள்ல மூணு எஃகு குண்டுகளை வெச்சு பிஸ்டனைப் பூட்டினாங்க. ரெண்டும் ஸ்பிரிங் பலத்தை விரல்கிட்ட இருந்து தள்ளி வைக்கற வேலைதான்.

ரெண்டாவது வழி, துல்லியமான உற்பத்தி. இங்க நம்ம நாட்டுக் கதை சுவாரஸ்யமானது. ரொம்ப வருஷம் நம்ம ஊர்ல ஏர் ரைஃபிள் செஞ்சவங்கள்ல ஒருத்தர் இந்தியன் ஹியூம் பைப் கம்பெனி. ஆமா, 1926-ல வால்சந்த் ஹீராசந்த் தொடங்கின, தண்ணிக் குழாய் போடற அதே கம்பெனிதான். அப்புறம் மகாராஷ்டிராவுல பிரிசிஹோல்னு ஒரு குழுமம். அவங்க அடிப்படைத் தொழிலே உலோகத்துல ஆழமான, நேரான துளை போடற மெஷின் தயாரிக்கறது. பேரல்னா என்ன? ஆழமான, நேரான துளை. அவங்க ஏர் ரைஃபிளும் செய்ய ஆரம்பிச்சாங்க, ஸ்பிரிங் ரகமும் இருக்கு, பிஎக்ஸ்100 மாதிரி பிசிபி ரகமும் இருக்கு.

பிசிபின்னா முன்கூட்டியே காத்து அடைச்ச சிலிண்டர்ல இயங்கற துப்பாக்கி. அதுல ட்ரிக்கர் பெரிய ஸ்பிரிங்கைப் பிடிச்சு வைக்க வேண்டிய அவசியமே இல்ல, வால்வைத் தட்டற ஒரு சின்ன சுத்தியலைப் பிடிச்சா போதும். கதவு பின்னாடி பயில்வானுக்குப் பதிலா ஒரு குழந்தை நிக்கற மாதிரி. அதனாலதான் ஒலிம்பிக் ரைஃபிள்ல ட்ரிக்கரை 100 கிராமுக்கும் கீழ வைக்க முடியுது. கடலூர்ல பிறந்த இளவேனில் வாலறிவன் 2019 ஆகஸ்ட்ல ரியோ உலகக் கோப்பையில தங்கம் வாங்கினது அந்த ரகத் துப்பாக்கியில. ஆனா வெளிநாட்டு போட்டி ரைஃபிள் ஒண்ணு ரெண்டு லட்சத்துக்கு மேல. ஒன்பதாவது படிக்கிற பொண்ணுக்கு அது முதல் படியா இருக்க முடியாது. முதல் படி அந்த சில ஆயிரம் ரூபாய் ஸ்பிரிங் ரைஃபிள்தான். அதனாலதான் அதோட தரம் முக்கியம். முதல் படியே விரலை உடைச்சா, யாரும் ரெண்டாவது படி ஏற மாட்டாங்க.

சரி, கையில இருக்கற ரைஃபிளை என்ன பண்றது? ஒரு ஞாயித்துக்கிழமை அந்த அக்கா வீட்டுக்கே போயிருந்தேன். சூட்கேஸ் எடை பார்க்கற கொக்கித் தராசு ஒண்ணு எடுத்துட்டுப் போனேன். குண்டு போட்டு, மணல் பெட்டியைப் பார்த்து வெச்சு, தராசால ட்ரிக்கரை இழுத்தோம். ஒரு தடவை இரண்டரை கிலோ, அடுத்த தடவை மூணுக்கு மேல, அப்புறம் மறுபடி இறங்குது. எனக்கு உறைச்சது இதுதான். கனத்தை விட, ஒவ்வொரு தடவையும் மாறுதே, அதுதான் பெரிய பிரச்சினை. ஐ.டி.யில இருக்கறவங்களுக்குப் புரியும்: ஆவரேஜ் நல்லா இருந்தாலும், பத்துல ஒரு தடவை தாறுமாறா போற சர்வரை நம்ப முடியாது. விரலும் அப்படித்தான். ஒரே மாதிரி கனத்தைப் பழகிக்கும். மாறிக்கிட்டே இருக்கற கனத்தைப் பழகவே முடியாது.

அடுத்து லேத் அண்ணன் வந்தார். ஸ்டாக்கைக் கழட்டினார், ஸ்பிரிங் பக்கமே போகல. அது வீட்டுல கழட்டற சாமான் இல்ல, எகிறி முகத்துல அடிக்கும். சியர் பக்கம் இருந்த பழைய பசை, துரு, அழுக்கைத் துடைச்சார். உரசற இடத்துல மட்டும் துளி மாலி கிரீஸ். ட்ரிக்கர் பின்ல எண்ணெய். தளர்ந்து கிடந்த ஸ்டாக் ஸ்க்ரூவை இறுக்கினார். அவ்ளோதான். திரும்ப அளந்தா, கனம் கொஞ்சம்தான் குறைஞ்சிருந்தது. ஆனா பத்து தடவை இழுத்தாலும் ஏறக்குறைய ஒரே இடத்துல நின்னுச்சு. பாப்பா சொன்னா: "இப்போ எப்போ சுடும்னு தெரியுதுண்ணா." அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த எபிசோடே.

அப்புறம் பழக்கம். விரலோட நுனிச் சதையை மட்டும் வெச்சு, நேரா பின்னாடி இழுக்கணும். சுட்ட உடனே விரலை விடாம ஒரு நொடி அப்படியே நிக்கணும். ஸ்பிரிங் ரைஃபிள்ல குண்டு பேரலை விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடியே பிஸ்டன் ஓடித் துப்பாக்கியை உதைச்சிடும், அதனால இந்த நிதானம் ரொம்ப முக்கியம். வெறும் துப்பாக்கியைச் சுட்டுப் பழகாதீங்க. குண்டோட தடை இல்லன்னா பிஸ்டன் போய் முட்டி சீல் கெட்டுடும்.

புதுசா வாங்கப் போறவங்க கடையில மூணு விஷயம் பாருங்க. ட்ரிக்கர் ரெண்டு கட்டமா வருதா, அதாவது முதல்ல லேசான ஓட்டம், அப்புறம் தெளிவா ஒரு தடுப்பு? பேரல் திறந்திருக்கும்போது ட்ரிக்கர் வேலை செய்யாத மாதிரி பூட்டு இருக்கா? அஞ்சாறு தடவை இழுத்தா ஒரே மாதிரி இருக்கா? "எவ்வளவு ஸ்பீடு போகும்"ங்கற கேள்வியை கடைசியா கேளுங்க. 10 மீட்டர்ல பேப்பரைத் துளைக்க வேகம் தேவையே இல்ல. பலமான ஸ்பிரிங்னா சியர் மேல இன்னும் அதிக பாரம், ட்ரிக்கர் இன்னும் கனம்.

சட்டத்தையும் சொல்லிடறேன். 2016 ஆயுத விதிகள்படி 4.5 மில்லிமீட்டர் அளவுக்கும் 20 ஜூல் சக்திக்கும் உள்ள இருந்தா லைசன்ஸ் வேண்டாம். ஸ்பிரிங்கை மாத்தி அதைத் தாண்டினா, அது வேற கதை. லைசன்ஸ் வேண்டாம்ங்கறதால அது பொம்மை இல்ல. கண்ணுக்கு நேரா வந்தா பார்வை போயிடும். சுடற இடத்துக்குப் பின்னாடி சுவர் இருக்கணும், யாரும் நடக்காத இடமா இருக்கணும். கொக்கு, மடையான் மேல குறி வைக்கறவங்க இந்த எபிசோடை இதோட நிறுத்திக்கலாம். 1972 வனவிலங்குச் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், பறவைக்குத் தொந்தரவுன்னு பட்டாசு வெடிக்காத வேடந்தாங்கல்காரங்க நமக்குப் பக்கத்து ஊர்.

அடுத்த எபிசோட்ல குண்டு பத்திப் பேசலாம். ஒரே டப்பாவுல இருக்கற குண்டுகளே ஒண்ணுக்கொண்ணு எடை மாறுது, நகைக்கடைத் தராசு வெச்சிருக்கற ஒரு நண்பர் அளந்து தர்றேன்னு சொல்லியிருக்கார். உங்க ரைஃபிள் ட்ரிக்கரை நீங்களும் பத்து தடவை அளந்து வாய்ஸ் நோட் அனுப்புங்க. அரத்தை மட்டும் டூல் பாக்ஸ்லயே விட்டுடுங்க.