பூட்டியின் பெயர்



புதிய ஏற்பாடு ஒரு வம்ச அட்டவணையோடு தொடங்குகிறது. அரசர்கள் நிறைந்த அந்த அட்டவணையில் தாமார், ராகாப், ரூத் என்ற பெண்களின் பெயர்களும் இருக்கின்றன. உங்கள் அம்மம்மாவின் தாயாருக்கு என்ன பெயர்? நம்மில் பலர் "ஆச்சி" என்பதோடு நின்றுவிடுவோம்.

அந்தப் பூட்டி யாழ்ப்பாணத்தில் ஒரு குறிச்சியில் பிறந்து, மணமுடித்து, பிள்ளைகளை வளர்த்து மறைந்த சாதாரணப் பெண். ஆனாலும் அவரைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள்.

முதலில் வீட்டிலுள்ள காணி உறுதிகளை எடுங்கள். நம் முன்னோர் இடம்பெயர்ந்தபோதும் கைவிடாத கடதாசிகள் அவை. தேசவழமைப்படி பெண்ணுக்குச் சீதனம் எழுதியதால், வேறெங்கும் பேசப்படாத பெண் அங்கே காணிக்காரியாக நிற்பார். சீதன உறுதியில் அவர் பெயர், பெற்றோர், மாப்பிள்ளை, காணியின் பெயர், பரப்பு, நான்கு எல்லைகள் எல்லாம் இருக்கும். எல்லைக்காரர் பலர் இனசனமாகவே இருப்பார்கள். கீழே அவர் கையொப்பம் இட்டாரா, பெருவிரல் அடையாளம் வைத்தாரா என்றும் பாருங்கள். கையொப்பமானால், 1824இல் தொடங்கிய உடுவில் பெண்கள் பாடசாலை போன்ற ஒரு மிஷன் பள்ளியில் அவரைத் தேடலாம். உறுதி தொலைந்திருந்தால், நொத்தாரிசு அனுப்பிய பிரதியைக் காணிப் பதிவகத்தில் விசாரியுங்கள்.

அடுத்து, பிறப்பு, விவாக, மரணப் பதிவுகள். பிறப்பையும் இறப்பையும் பதிய 1867இலேயே இலங்கையில் சட்டம் வந்தது. ஊரும் ஏறத்தாழ ஆண்டும் தெரிந்தால், பிரதேச செயலகத்தில் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம்.

மூன்றாவது, ஊர்ச் சபையின் ஞானஸ்நானப் பதிவேடு. இங்கே ஒரு கவனம் வேண்டும். 1816இல் வந்த அமெரிக்க மிஷனின் விடுதிப் பள்ளிகளில், செலவைத் தாங்கிய அமெரிக்கரின் பெயரையே பிள்ளைக்கு வைக்கும் வழக்கம் இருந்தது. ஆகவே ஒரே ஆள் பதிவேட்டில் ஒரு பெயரிலும் உறுதியில் இன்னொரு பெயரிலும் இருக்கலாம். பெயரை மட்டும் நம்பாமல் தகப்பன் பெயர், ஊர், வயது மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இவற்றை இப்போதே செய்ய வேண்டும். இந்த நாட்டில் பிறந்த நம் பிள்ளைகளுக்கு உறுதியின் பழைய கையெழுத்தும் "உத்தரவாதம்", "முதுசம்" போன்ற சொற்களும் விளங்காது. வாசிக்கத் தெரிந்த மூத்தோர் இன்று இதே வாங்குகளில் அமர்ந்திருக்கிறார்கள். ஆராதனை முடிந்ததும் ஒருவரை அணுகி, உங்கள் உறுதியை வாசித்துத் தரச் சொல்லுங்கள். அவர் சொல்வதைத் தமிழிலும் பிள்ளைகள் வாசிக்கும் மொழியிலும் எழுதி, உங்கள் குடும்ப வேதாகமத்துக்குள் வையுங்கள்.