கண்டிச்சீமைக்கு நடந்தவர்கள்



பயண இலக்கியம் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். முனைவர் பட்டத்திற்கு நான் ஆய்ந்த துறை அது என்பதால் மகிழ்வுடன் இசைந்தேன். ஆயினும், இன்று நான் பேசப்போவது என் ஆய்வேட்டில் இடம்பெறாத ஒரு பயணத்தைப் பற்றியே. வாய்மொழித் தேர்வின்போது புறத்தேர்வாளர், "அம்மா, உங்கள் பட்டியலில் கப்பலில் போனவர் இருக்கிறார், விமானத்தில் போனவர் இருக்கிறார், நடந்தே வெளிநாடு போனவர் ஒருவரும் இல்லையே?" என்று வினவினார். "ஐயா, எழுதியவர்களை மட்டுமே எடுத்துக்கொண்டேன்" என்றேன். விடையில் பிழையில்லை, பட்டமும் கிடைத்தது. அவ்வினா மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

ஆரணியை அடுத்த எங்கள் பாட்டியார் ஊரில், கடைக்கு எண்ணெய் வாங்கப் போன பிள்ளை காலந்தாழ்த்தினால், "என்ன, கண்டிச்சீமைக்குப் போயிட்டானா?" என்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அச்சொல்லுக்குப் பின்னே மெய்யாகவே ஒருவர் இருந்தார் என்பதை மிகப் பிந்தியே அறிந்தேன். பாட்டியாரின் பாட்டனாருடன் பிறந்தவர் அவர். தாது வருடத்துப் பஞ்சத்தில், அதாவது 1876–78இல், தறி நின்றுபோன நாளில், ஒரு கங்காணியுடன் புறப்பட்டவர். அவ்வளவே எங்கள் குடும்பத்தில் எஞ்சிய வரலாறு.

இலங்கையின் கண்டி மலைநாட்டில் 1820களில் காப்பித் தோட்டங்கள் தோன்றின. காடழிக்கவும் பழம் பறிக்கவும் தமிழகத்திலிருந்து ஆட்கள் திரட்டப்பட்டனர். திருச்சி, மதுரை, தஞ்சை, சேலம் பகுதியினரோடு நம் வட ஆர்க்காட்டினரும் அவருள் இருந்தனர். திரட்டியவர் அயலார் அல்லர். பெரும்பாலும் உறவுமுறை சொல்லி அழைக்கத்தக்க உள்ளூர்க்காரரே கங்காணி. செடியின் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசை காட்டியதாக மலையகத்தில் இன்றும் சொல்வர். பரிசில் பெற்ற பாணன் பெறாத பாணனை வள்ளலிடம் ஆற்றுப்படுத்துவதை நாம் வகுப்பில் நயம்படப் பாடம் சொல்கிறோம். கங்காணியும் ஓர் ஆற்றுப்படை பாடினார். அதில் வழி மட்டும் மெய்.

அவ்வழியைச் சற்றே நடந்து பார்ப்போம். சொந்த ஊரிலிருந்து கால்நடையாகவே கடற்கரை. பாக் நீரிணையைத் தோணியில் கடந்தால் மன்னார். மலைக்கு அருகில் வந்துவிட்டோம் என்று மகிழ்ந்திருப்பர். உண்மையில் துன்பம் அங்கேதான் தொடங்கிற்று. மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு ஏறத்தாழ 150 மைல். வடபாதை என்றும் அதனை வழங்குவர். முற்பாதி வறண்ட காடு. மழையற்ற மாதங்களில் குளங்கள் சேறாகிவிடும். அதையே குடித்தாக வேண்டும். வாந்திபேதியும் காய்ச்சலும் யானையினும் கொடியனவாயின. நடக்கமாட்டாதவரைக் கூட்டம் விட்டுச் சென்றது. வழியோரத்துப் பிணங்களைப் பற்றி அக்காலக் கொழும்புச் செய்தித்தாள்களே எழுதின. பிற்காலத்தில் தங்கற்கொட்டில்களும் மருத்துவமனைகளும் அமைந்தன. அதற்குள் பாதையின் பெயரே அச்சமாகிவிட்டது.

பாலைத்திணைப் பாடல்களில் வழியில் மாண்டவர்மேல் கற்குவித்த பதுக்கைகள் வருகின்றன. அவற்றுக்கு உரை சொல்லும்போதெல்லாம் இரண்டாயிரம் ஆண்டுத் தொலைவில் நின்றே நான் சொல்லி வந்திருக்கிறேன். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் நம்மவர் நடந்த பாலை ஒன்று உண்டு. அதில் பதுக்கை எழுப்ப நின்றவர் எவருமிலர்.

அவர்கள் அனைவரும் ஒருமுறை போய் அங்கேயே தங்கியவர்கள் என்றும் எண்ணிவிடலாகாது. காப்பி பருவப் பயிர். பறிப்புக் காலத்திற்குப் போய், முடிந்ததும் ஊர் திரும்பியவர் பலர். அடுத்த ஆண்டு அறிந்தே மீண்டும் அவ்வழி நடந்தனர். பஞ்சம் எத்தகையது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? 1869இல் இலைத்துரு நோய் தோன்றிக் காப்பி படிப்படியாக அழிந்தது; தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுதும் கொழுந்தெடுக்கக் கை வேண்டும். பெண்களும் குழந்தைகளும் மிகுதியாகப் பெயர்ந்தனர், போக்குவரத்து குடியேற்றமாயிற்று.

ஆரணியில் நின்று இதைப் பேசுவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. அப்பயணத்தின் செலவு யாருடையது? கங்காணி கொடுத்த முன்பணமும், வழிச்சோறும், தோணிக்கூலியும் நடந்தவர் பெயரிலேயே பற்றெழுதப்பட்டன. ஒரு கொழுந்து கிள்ளுமுன்னரே அவர் கடனாளி. வேறு தோட்டத்திற்குப் போக விரும்பினால் கடன்தொகை எழுதிய 'துண்டு' கையில் வேண்டும்; புதிய தோட்டத்தார் அதனை அடைத்து ஆளைப் பெறுவர். 1921இல்தான் துண்டுமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. முன்பணம் என்ற சொல் இவ்வூரில் எவர்க்கும் புதிதன்று. முன்பணம் வாங்கித் தறியில் அமர்ந்து, அதைத் தீர்க்காமல் வேறு முதலாளியிடம் போக இயலாத நெசவாளர் குடும்பங்களை நாம் அறிவோம். இரண்டும் ஒன்றென்று நான் வாதிடவில்லை. நம் தெருவில் பாவு பாவாகவே நீள்கிறது, காடாக அன்று. ஆனால் அக்கணக்கின் எழுத்தை நம்மால் எளிதில் படிக்க முடிகிறது.

1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் இருபுறத்து இரயிலும் இணைந்தன. மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக்காக நிறுத்தி அனுப்பினர். நடை முடிந்தது. அம்முகாமே பின்னாளில் இலங்கை அகதிகளுக்கு இடமாயிற்று. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டியவராயினர். எண்ணியது அரசு, எண்ணப்பட்டவர் நடந்தவரின் பேரப்பிள்ளைகள்.

நம் இலக்கியம் இவர்களை மறந்ததென்று சொல்வது நேர்மையாகாது. பாரதியார் பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காக அழுதார். புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' தேயிலைத் தோட்டத்தைக் காட்டிற்று. மலையகத்துச் சி. வி. வேலுப்பிள்ளை நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தார். என் மனக்குறை வேறு. இங்கே எழுதியவை பெரிதும் சேர்ந்தபின் நேர்ந்த துயரையே பேசின. சேருமுன் நடந்த வழி பாடல்களிலும் பாட்டிமார் பேச்சிலும் தங்கிவிட்டது. ஏ. கே. செட்டியாரின் நூல்களைப் பயண இலக்கியம் என்ற நாம் இவற்றை நாட்டார் வழக்காறு என்று வேறு அலமாரியில் வைத்தோம். வைத்தவர்களுள் நானும் ஒருத்தி.

2023 ஜூலை 28இல் மலையகத் தமிழரும் அவர்தம் நண்பரும் தலைமன்னாரிலிருந்து அதே வழியில் நடக்கத் தொடங்கி, ஆகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தனர். இம்முறை வழியில் தண்ணீர் கொடுத்தார்கள். செய்தியைப் படித்த இரவு என் ஆய்வேட்டை எடுத்துப் பொருளடக்கத்தைப் பார்த்தேன். ஏழு இயல்கள். எட்டாவதை எழுதத் தொடங்கியிருக்கிறேன். அதற்கு உங்கள் துணை வேண்டும். உங்கள் வீடுகளிலும் கண்டிச்சீமை என்ற சொல்லைச் சொல்லும் முதியோர் இருப்பர். அடுத்த மாதக் கூட்டத்திற்கு வருமுன் அவர்களிடம் ஒருமுறை கேட்டு, சொன்னபடியே, திருத்தாமல் எழுதி வாருங்கள். கவிதையாக்க வேண்டுவோர் பிறகு ஆக்கிக்கொள்ளலாம்.