சினிமாப் பட்டமும் காணி உறுதியும்
(சங்க மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்று எனக்குத் தரப்பட்ட பொருள் 'இளைஞரும் உயர்கல்வியும்' என்பது. அது பெரிய வயல். அதில் ஒரேயொரு பாத்தியை மட்டும் கொத்திப் பார்க்க உத்தரவு கேட்கிறேன். திரைப்படத் துறையிலே சர்வகலாசாலைப் பட்டம் பெறுவது பணக்கணக்கில் தகுமா, தகாதா? இதுவே நான் எடுத்துக்கொண்ட கேள்வி.

விளையாட்டாக இதை நான் எடுக்கவில்லை. நம் அங்கத்தவர் ஒருவருக்கு அமெரிக்காவிலே திரைப்பட முதுமாணிப் படிப்புக்கு அனுமதி கிடைத்திருக்கின்றது, புலமைப்பரிசில் கிடைக்கவில்லை. அவருடைய தந்தையார் காணி உறுதியை அலுமாரியிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டார். ஈடு வைப்பதா, அறுதியாக விற்பதா என்பதே இப்பொழுது அவ்வீட்டுப் பேச்சு. நண்பரின் சம்மதத்துடனேயே இதைச் சொல்லுகிறேன். பெயரைச் சொல்லேன், அவர் இம்மண்டபத்தில்தான் இருக்கிறார்.

கூத்துக்கும் ஒரு பட்டமா என்று கேட்கும் பெரியவர்களோடு வாதாட நான் வரவில்லை. அக்கேள்வி கலையைப் பற்றியது. என் கேள்வி கடனைப் பற்றியது. 1945ஆம் ஆண்டு முதல் நம் நாட்டிற் பாலர் வகுப்பிலிருந்து சர்வகலாசாலைவரை இலவசக் கல்வி நடந்து வருகின்றது. அதனாலே நாம் ஒரு பட்டத்தின் விலையைக் கேட்டுப் பழகவில்லை. மாம்பழம் வாங்கும்போது நாலு கடை ஏறி இறங்குகிறோம். பிள்ளையின் படிப்பென்றால் கேட்ட தொகையைக் கொடுக்கத் துணிந்துவிடுகிறோம்.

விலை கேட்டவர்களுக்கு என்ன தெரியவந்தது? 2021 ஜூலையில் அமெரிக்காவின் 'வோல் ஸ்ட்றீற் ஜேர்னல்' பத்திரிகை, அந்நாட்டு அரசாங்கத்தின் கல்விக் கடன் விவரங்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டது. நியூயோர்க்கிலுள்ள கொலம்பியா சர்வகலாசாலையின் திரைப்பட முதுமாணிப் படிப்பை முடித்தவர்களுள் அரசாங்கக் கடன் பெற்றவர்களை வரிசையாக நிறுத்தினால், நடுவில் நிற்பவரின் கடன் 181,000 டொலர். பட்டம் பெற்று இரண்டு வருடம் கழிந்தபின் அவர்களுள் அரைவாசிப்பேர் வருடத்துக்கு 30,000 டொலருக்கும் குறைவாகவே சம்பாதித்தார்கள்.

நூற்றுக்கு ஏழு வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டி மாத்திரம் வருடத்துக்கு 12,670 டொலர். மாதம் ஆயிரத்துக்கு மேல். வரவோ மாதம் 2,500. நியூயோர்க்கில் வீட்டு வாடகை கட்டிச் சோறும் தின்று, மிச்சத்தில் முதலைத் தொடுவது எப்படி? நான் மிஷன் கல்லூரியிற் படித்தவன். கோபுரம் கட்டப் புறப்படுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்ற உவமையைக் காலை வகுப்பிற் கேட்டிருக்கிறேன். ஞாயிறு வகுப்பிலே இச்சங்கம் எனக்குத் 'தெரிந்து செயல்வகை' அதிகாரத்தைப் படிப்பித்தது. இரண்டு வேதத்தாரும் கணக்குப் பார்க்கச் சொன்னபின் பாராதிருப்பது என் குற்றமாகும்.

இத்தொகையை வைத்து முடிவு கட்டுவதும் நியாயமன்று. இது கடன் வாங்கியவர்களின் கணக்கு. வாங்காதவர்கள் இதிற் சேரவில்லை. இரண்டு வருடம் என்பதும் இத்தொழிலில் மிகக் குறுகிய காலம். அதே கொலம்பியாவில் முதுமாணி முடித்த கத்ரின் பிகலோ, 'த ஹேர்ட் லொக்கர்' படத்துக்காக 2010இல் சிறந்த நெறியாளருக்கான ஒஸ்கார் பரிசைப் பெற்றார். அப்பரிசைப் பெற்ற முதற்பெண் அவரே. ஆனால் அவரை ஒரு கையிலும் 181,000ஐ மறு கையிலும் வைத்து எடைபோடுவது லொத்தர்ச் சீட்டு வாங்குகிறவனின் கணக்கு. பரிசு விழுந்தவனின் படத்தைக் கடை வாசலிற் தொங்கவிடுவார்கள். விழாதவர்களுக்குக் கடைவாசல் போதாது.

நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் கதை ஆங் லீ என்பவருடையது. 'லைஃப் ஒவ் பை' என்ற படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். புதுச்சேரியிலே தொடங்கும் கதை. அதை நெறிப்படுத்தியவர் இவர். 1954இல் தாய்வானிற் பிறந்தவர். தந்தையார் பள்ளிக்கூட அதிபர். மகனோ சர்வகலாசாலைப் பிரவேசப் பரீட்சையில் இருமுறை தவறினார். நம் ஊர்க் கதைபோல இல்லையா? பின்னர் அமெரிக்கா சென்று, இலினோய்சில் நாடகமும் நியூயோர்க் சர்வகலாசாலையில் திரைப்படமும் படித்துப் பட்டம் பெற்றார். அதன்பின் ஏறக்குறைய ஆறு வருடம் அவருக்குப் படமே கிடைக்கவில்லை. வீட்டிலிருந்து சமைத்தார், பிள்ளையைப் பார்த்தார், கதை எழுதினார். அவருடைய மனைவியார் உயிரியல் ஆராய்ச்சியாளர். அவ்வம்மையாரின் சம்பளத்திலே குடும்பம் நடந்தது. 1990இல் அவர் எழுதிய இரண்டு திரைக்கதைகள் தாய்வான் அரசாங்கப் போட்டியில் முதலாம் இரண்டாம் பரிசுகளைப் பெற்றன. அங்கிருந்து வழி திறந்தது. 2006இலும் 2013இலும் சிறந்த நெறியாளருக்கான ஒஸ்கார் பரிசு அவருக்குக் கிடைத்தது.

இக்கதையைச் சொல்லுகிறவர்கள் பொறுமைக்கு உதாரணமாகச் சொல்லுவார்கள். எனக்கு அதிற் தெரிவது அம்மையாரின் சம்பளச் சீட்டு. அந்த ஆறு வருடத்துக்கு முதல் போட்டவர் அவர். பட்டத்தின் விலையென்று கட்டணத்தை மட்டும் எழுதினால் பாதிக் கணக்குத்தான். பட்டத்துக்குப் பிந்திய வரட்சிக் காலத்தை யார் சுமப்பார் என்பது மற்றப் பாதி. ஆங் லீயின் தலையில் மாதாமாதம் ஆயிரம் டொலர் வட்டி ஏறியிருந்தால் அந்த இரண்டு கதைகளும் எழுதப்பட்டிருக்குமா? இருக்காது என்றே நான் எண்ணுகிறேன்.

வரட்சிக் காலம் ஏன் வருகின்றது? வைத்தியருக்குப் பட்டமின்றித் தொழில் இல்லை. சினிமாவில் அப்படி ஒரு வாயிற்காவல் கிடையாது. தெல்மா ஷூன்மேக்கர் என்ற படத்தொகுப்பாளர், நியூயோர்க் சர்வகலாசாலையில் ஒரு குறுகிய கோடைகால வகுப்பிலேதான் மார்ட்டின் ஸ்கோர்செசியைச் சந்தித்தார். 1967இல் வந்த அவருடைய முதற் படத்தைத் தொகுத்தார். அதன்பின் தொழிற்சங்கத்தில் இடம் கிடையாமையால், 1980இல் 'றேஜிங் புல்' வரும்வரை ஸ்கோர்செசியின் கதைப்படங்களைத் தொகுக்க முடியாதிருந்தார். அச்சங்கம் கேட்டது பயிற்சிக்கால வருடங்களை, படிப்பையன்று. வேலையும் படத்துக்குப் படம் கூலி. 2023இல் எழுத்தாளர்கள் 148 நாளும் நடிகர்கள் 118 நாளும் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்கள் சங்கங்களிற் சேராத தச்சரும் ஒப்பனைக்காரரும் கூட வீட்டிலிருந்தனர். கடன் கொடுத்தவனுக்கு வேலைநிறுத்தம் இல்லை.

அப்படியானால் அப்படிப்பில் ஒன்றுமில்லையா? உண்டு. முன்னாளில் கமராவும் பிலிம் சுருளும் கலாசாலையில்தான் கைக்கெட்டும். இப்பொழுது கமரா சட்டைப்பையில் இருக்கின்றது. ஷோன் பேக்கர் 2015இல் 'ரஞ்சரின்' என்ற படத்தைக் கைத்தொலைபேசியிலேயே எடுத்தார். 2025இல் 'அனோரா'வுக்காக ஒரே இரவில் நான்கு ஒஸ்கார் பரிசு பெற்றார். எனவே கலாசாலை வேண்டாம் என்று துள்ளிவிடாதீர்கள். அவரும் நியூயோர்க் சர்வகலாசாலையிற் படித்தவரே. கருவி மலிந்த பின்னும் மலியாதவை கூட்டாளிகளும், பிழையைப் பிழையென்று சொல்லும் ஆசிரியரும், பிழை விடுவதற்கான காலமும். இவற்றைத்தான் விலை கொடுத்து வாங்குகிறோம். என்ன விலைக்கு என்பதே வழக்கு.

மட்டக்களப்பு அமிர்தகழியிற் பிறந்த பாலு மகேந்திரா என்ன செய்தார்? பழைய பிரபாத் ஸ்ரூடியோ இருந்த இடத்தில் இந்திய அரசாங்கம் 1960இல் நிறுவிய புனே திரைப்பட நிலையத்திலே ஒளிப்பதிவு படித்து, 1969இல் தங்கப்பதக்கத்துடன் வெளியேறினார். அவர் ஒளிப்பதிவு செய்த 'நெல்லு' 1974இல்தான் திரைக்கு வந்தது. தங்கப்பதக்கக்காரருக்கும் காத்திருப்பு இருந்தது. ஆனால் அது அரசாங்க நிலையம். வருடங்கள் போயினவேயன்றிக் காணி போகவில்லை.

நண்பருடைய கணக்குக்கு வருகிறேன். அமெரிக்க மாணவருக்கு வருமானத்துக்கேற்பக் கடனைத் திருப்பிக் கட்டும் வழிகளாவது உண்டு. அங்கேயும், முதுமாணி மாணவர் படிப்புச் செலவு முழுவதையும் அரசாங்கக் கடனாகப் பெறலாம் என்று 2006இல் வந்த ஏற்பாட்டை, 2026 ஜூலை முதல் புதிய கடனாளிகளுக்கு நிறுத்தும் சட்டம் 2025இல் நிறைவேறியது. நம்மவருக்கு அக்கடன் என்றுமே இல்லை. கொண்டுபோவது அவ்வளவும் இங்குள்ள முதல். படிப்பு முடிந்தபின் அங்கே வேலைசெய்ய இத்துறை மாணவருக்குப் பொதுவாகக் கிடைப்பது ஒரு வருடம். ஆங் லீக்கு ஆறு வருடம் வேண்டியிருந்தது!

நான் நண்பருக்குப் போகாதே என்று சொல்லவில்லை. அவருடைய குறும்படத்தைப் பார்த்தவன் அப்படிச் சொல்ல மாட்டான். அனுமதியை ஒரு வருடம் தள்ளிவைக்க முடியுமா, கட்டணம் கழியத்தக்க உதவி ஆசிரியப் பதவி கிடைக்குமா என்று அச்சர்வகலாசாலைக்கு எழுதும்படி கேட்டேன். புனே நிலையத்து விண்ணப்பப் படிவத்தையும் எடுத்துக் கொடுத்தேன். அவர் சற்றுக் கோபத்துடனேயே வாங்கிக்கொண்டார். ஆயினும் கடிதம் எழுதிவிட்டார். பதில் இன்னும் வரவில்லை. உறுதி மறுபடியும் அலுமாரிக்குள் போயிருக்கின்றது. திறப்பு இப்பொழுது அவருடைய அம்மாவிடம்.