ஒரே படிக்கல்



போர் மூண்டுவிட்டால் அறம் உறங்கிவிடும் என்று கூறுவார் உளர். அக்கூற்று தவறு. ஒரு நாட்டுக்குள்ளேயே மூளும் போராயினும், படைக்கலம் ஏந்தாதவரைக் கொல்லுதலும் வதைத்தலும் பிணையாகப் பிடித்தலும் கூடா என்று 1949-ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள் நான்கிற்கும் பொதுவான மூன்றாம் விதி தடுக்கின்றது.

அவ்விதி மீறப்பட்டால் விளைவது யாது என்பதைப் பாக்கு நீரிணைக்கு அப்பாலுள்ள இலங்கை காட்டும். போருக்கு முன்பே, 1981-இல், யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 1983 ஜூலையில் கொழும்பு நகரில், வன்முறைக் கூட்டத்தினர் வாக்காளர் பட்டியலைக் கையில் கொண்டு தமிழர் இல்லங்களைத் தேடித் தீயிட்டனர். குடியுரிமைக்குச் சான்றாக இருந்த ஏடே கொலைக்கு வழிகாட்டிற்று! போரின் இறுதியில், 2009-இல், அரசே பாதுகாப்பு வலயம் என அறிவித்த நிலப்பரப்பிலும் எறிகணைகள் வீழ்ந்தன. 40,000 பொதுமக்கள் வரை மாண்டிருக்கக்கூடும் என்று ஐ.நா. பொதுச் செயலாளர் அமைத்த வல்லுநர் குழு 2011-இல் கூறிற்று.

இவற்றைக் கேட்டு நம் நெஞ்சம் கொதிப்பது இயல்பே. ஆயினும், அதே நெஞ்சம் மற்றொரு செய்தியையும் கேட்டல் வேண்டும். 1990 அக்டோபரில், வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரில் அவர்களுக்குத் தரப்பட்ட அவகாசம் இரண்டே மணி நேரம். வீடும் நிலமும் நகையும் விட்டு, பலர் புத்தளத்தில் ஏதிலிகளாயினர். அவர்கள் பேசியதும் நம் தமிழே. சிறுபான்மையாய் நின்று துன்புற்றோர் பெயரால் எழுந்த இயக்கம், தன்னினும் சிறிய சிறுபான்மைக்கு அத்துன்பத்தையே இழைத்தது.

கொல்லிமலையில், எங்கள் எடப்புளி நாட்டில், மிளகு விற்கும் உழவர் வாங்க ஒரு படிக்கல்லும் விற்க வேறொரு படிக்கல்லும் வைத்திருக்கும் வணிகனை மறுமுறை நம்புவதில்லை. மனித உரிமையும் அத்தகையதே. பிறர் இழைத்த தீங்கை ஒரு கல்லாலும், நம்மவர் இழைத்ததை வேறு கல்லாலும் நிறுப்போமாயின், நீதி கேட்கும் நம் குரலுக்கு எடை இராது. அதனால் இழப்பு நமக்கன்று; இன்றும் காணாமற்போன மக்களைத் தேடி நிற்கும் அன்னையர்க்கே.

1983 முதல் தமிழகத்தில் தஞ்சம் புகுந்தோரின் வழித்தோன்றல்கள் உங்கள் வகுப்பிலும் இருக்கக்கூடும். அவர்களை ‘அகதி’ என்று சுட்டாது, பெயர் சொல்லி அழையுங்கள். உரிமை பற்றிய கல்வியை அங்கிருந்து தொடங்கலாம்.