உங்கள் விரலுக்கு ஏற்ற விசை

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

செயலாளர் ஸார் எனக்கு இருபது நிமிஷம் தந்திருக்கிறார். பார்வை குறைந்தவர்கள் கம்ப்யூட்டரை எப்படிக் கையாள்கிறார்கள், அதில் தங்கள் வசதிக்கு ஏற்றபடி விசைகளை எப்படி அமைத்துக்கொள்ளலாம் என்பதைச் சொல்ல வந்திருக்கிறேன்.

"இது நமக்கு எதுக்கு?" என்று யாரும் நினைக்க வேண்டாம். நம் குடியிருப்பில் அறுபதைத் தாண்டியவர்கள் நிறையப் பேர். பிள்ளைகள் பெங்களூரில், துபாயில். சர்க்கரையால் விழித்திரை கெட்டவர்கள், கண்ணில் நீர் அழுத்தம் உள்ளவர்கள் நம் நடுவிலேயே இருக்கிறார்கள். கண்புரை என்றால் அறுவை சிகிச்சை செய்து பார்வையைத் திரும்பப் பெறலாம். நீர் அழுத்தத்தால் போன பார்வை திரும்புவதில்லை. அந்த நோயால் எனக்கும் இப்போது வெளிச்சம் மட்டும்தான் தெரியும். ஆனால் பென்ஷன் கணக்கை நானே பார்க்கிறேன், கரன்ட் பில்லை நானே கட்டுகிறேன், பேத்திக்கு மெயில் எழுதுகிறேன். எல்லாம் காதையும் விரலையும் வைத்துத்தான்.

பேசும் மென்பொருள்

திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளுக்கு ஸ்கிரீன் ரீடர் என்று பெயர். தமிழில் திரைவாசிப்பான். ஜாஸ் என்பது பழைய, பெயர்பெற்ற மென்பொருள். இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் முழுப் பார்வையற்ற அதிகாரி, சென்னையைச் சேர்ந்த பெனோ செபைன், படித்துத் தேர்வெழுத அது துணையாக இருந்தது. ஆனால் அதன் விலை நம்மைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் அதிகம்.

இலவசமாகக் கிடைப்பது என்விடிஏ. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006-இல் இதை எழுதத் தொடங்கினார். ஜேம்ஸ் டே என்ற நண்பர் அவரோடு சேர்ந்துகொண்டார். அவருக்கும் பார்வை இல்லை. இருவரும் சிறு வயதில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான இசை முகாமில் பழக்கமானவர்கள். பார்வை உள்ளவர் கம்ப்யூட்டரின் விலையை மட்டும் கொடுக்கிறார், பார்வை இல்லாதவர் ஏன் அதற்கு மேலும் கொடுக்க வேண்டும் என்பதுதான் அவர்களுடைய கேள்வி. இன்று உலகம் முழுக்க அதைப் பயன்படுத்துகிறார்கள். தமிழிலும் பட்டியல்கள் வரும், தமிழையும் வாசிக்கும்.

மவுஸ் இல்லாத வேலை

பார்வை உள்ளவர் மவுஸை நகர்த்தி, கண்ணால் பார்த்து, அழுத்துகிறார். எங்களுக்கு அம்புக்குறி எங்கே நிற்கிறது என்று தெரியாது. ஆகவே எல்லாம் விசைப்பலகைதான்.

வடசேரி சந்தைக்குப் புதிதாக வருகிறவர் ஒவ்வொரு கடையாகப் பார்த்துக்கொண்டே போவார். பழகினவர் நேரே வாழைக்குலைக் கடைக்குப் போய் நிற்பார். வலைப்பக்கத்திலும் அப்படித்தான். அம்பு விசையால் வரி வரியாகக் கேட்டுக்கொண்டே போனால் ஒரு பில் கட்ட அரை நாள் ஆகும். 'எச்' என்ற எழுத்தைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குத் தாவும். 'கே' தட்டினால் அடுத்த இணைப்பு. 'ஈ' தட்டினால் எழுதும் கட்டம்.

மற்றக் கட்டளைகளுக்கு 'என்விடிஏ விசை' என்று ஒன்று வேண்டும். சாதாரணமாக அது இன்சர்ட். லேப்டாப்பில் இன்சர்ட் எங்கேயாவது மூலையில் இருக்கும். ஆகவே கேப்ஸ் லாக்கையும் என்விடிஏ விசையாக வைத்துக்கொள்ளலாம். முதல் முறை திறக்கும்போதே அது கேட்கும். என்விடிஏ விசையோடு எஃப்12 அழுத்தினால் மணி சொல்லும், இரண்டு முறை அழுத்தினால் தேதி சொல்லும். பேச்சை நிறுத்த கன்ட்ரோலைத் தட்டினால் போதும்.

சொந்த விசை எதற்கு?

ஆயத்தமாக வரும் விசைகள் எல்லாருக்கும் பொதுவானவை. உங்கள் கைக்கு என்று தைத்தவை அல்ல. மூட்டுவலி உள்ளவர்களால் மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்த முடியாது. பக்கவாதம் வந்து ஒரு கை மட்டும் வேலை செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அதோடு, என்விடிஏயில் பல கட்டளைகளுக்கு விசையே கொடுத்திருக்கவில்லை. நாம்தான் கொடுத்துக்கொள்ள வேண்டும்.

நம்மவர்களுக்கு முக்கியமான ஒன்றைச் சொல்கிறேன். வங்கிப் பக்கம் ஆங்கிலத்தில் இருக்கிறது, மகள் எழுதிய கடிதம் தமிழில் இருக்கிறது. ஆங்கிலக் குரல் தமிழை ஒழுங்காக வாசிக்காது. ஒவ்வொரு முறையும் அமைப்புக்குள் போய்க் குரலை மாற்றினால் அலுத்துப்போகும். ஒரே தட்டில் தமிழ்க் குரல், இன்னொரு தட்டில் ஆங்கிலம் என்று வைத்துக்கொள்ளலாம். அதைப் படிப்படியாகப் பார்ப்போம். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். ஆனால் விசையை நீங்களே அழுத்துங்கள்.

ஒன்று. என்விடிஏ விசையோடு 'என்' அழுத்தினால் அதன் பட்டியல் திறக்கும். அதில் 'கான்ஃபிகரேஷன் புரொஃபைல்ஸ்' என்பதற்குள் போய், புதிதாக ஒன்றை உருவாக்கி, 'தமிழ்' என்று பெயர் வையுங்கள். எப்போது இயங்க வேண்டும் என்று கேட்கும். நாமே இயக்குவது என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டு. அந்தப் புரொஃபைல் இயங்கும்போதே பேச்சு அமைப்பைத் திறந்து தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுங்கள். என்விடிஏயோடு வரும் ஈஸ்பீக்கில் தமிழ் உண்டு. ஆனால் அது இயந்திரம் பேசுவதுபோல இருக்கும். விண்டோஸில் தமிழ்ப் பேச்சைச் சேர்த்துக்கொண்டால் வள்ளுவர் என்ற குரல் கிடைக்கும். அது காதுக்கு இதமானது. வேகத்தையும் உங்களுக்குப் பிடித்த அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று. மறுபடி பட்டியலைத் திறந்து, 'பிரஃபரன்ஸஸ்' என்பதற்குள் 'இன்புட் ஜெஸ்சர்ஸ்' என்பதைத் திறங்கள். சொந்த விசை அமைக்கும் இடம் இதுதான். கட்டளைகள் எல்லாம் வகை வகையாக அடுக்கியிருக்கும். வலது அம்பு வகையைத் திறக்கும், இடது அம்பு மூடும். தேடும் கட்டமும் உண்டு. புரொஃபைல்களுக்கு என்று உள்ள வகையில் 'தமிழ்' என்று நீங்கள் வைத்த பெயரும் இருக்கும்.

நான்கு. அதன்மேல் நின்றுகொண்டு, டேப் விசையால் 'ஆட்' என்ற பொத்தானுக்கு வந்து அழுத்துங்கள். பிறகு நீங்கள் விரும்பும் விசையை அழுத்துங்கள். என்விடிஏ விசையோடு எஃப்8 என்று வைத்துக்கொள்வோம். டெஸ்க்டாப்புக்கு மட்டுமா, எல்லா விசைப்பலகைக்குமா என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் என்று சொல்லுங்கள். கடைசியில் 'ஓகே'. அதை அழுத்தாமல் வெளியே வந்தால் செய்த வேலை வீண்.

இனி அந்த விசையை அழுத்தினால் தமிழ்க் குரல். மறுபடி அழுத்தினால் பழைய குரல்.

விசையைத் தேர்ந்தெடுக்கும்போது

புது விசை வைக்கும் முன்பு அது காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். என்விடிஏ விசையோடு மேல் வரிசை 1-ஐ அழுத்தினால் உதவி நிலை வரும். அப்போது எந்த விசையை அழுத்தினாலும் அதன் பெயரையும் வேலையையும் சொல்லும், ஆனால் அந்த வேலையைச் செய்யாது. பெயரை மட்டும் சொன்னால், என்விடிஏயைப் பொறுத்தவரை அது காலி. திரும்ப என்விடிஏ விசையோடு 1-ஐ அழுத்தினால் பழைய நிலை. புதிதாகப் பழகுகிறவர்கள் இந்த நிலையில் ஒரு வாரம் விளையாடிப் பாருங்கள். எதுவும் கெட்டுப்போகாது.

வெறும் ஓர் எழுத்தைக் கட்டளையாக வைக்காதீர்கள். பிறகு அந்த எழுத்தை டைப் செய்ய முடியாது. கன்ட்ரோலோடு எஸ், ஆல்ட்டோடு டேப் போல எல்லா மென்பொருளும் பயன்படுத்துகிற விசைகளையும் தொடாதீர்கள். சில லேப்டாப்களில் எஃப் வரிசைக்கு எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும். ஒரு கையால் எட்டாது என்றால் வேறு விசை பாருங்கள்.

வலைப்பக்கத்தில் பயன்படும் கட்டளைகளை மாற்ற வேண்டுமானால், வலைப்பக்கத்தில் இருந்தபடியே ஜெஸ்சர்ஸ் பெட்டியைத் திறக்க வேண்டும். நீங்கள் எங்கே இருந்தீர்களோ அங்கே செல்லுபடியாகும் கட்டளைகளைத்தான் அது காட்டும்.

ஒரே நாளில் இருபது விசை வைக்க வேண்டாம். நான்கு போதும். விரல் தானாகப் போகப் பழகிய பிறகு ஐந்தாவதைச் சேருங்கள். குழம்பிவிட்டால் அதே பெட்டியில், எல்லாவற்றையும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோகும் பொத்தானும் இருக்கிறது.

வங்கிக்கு ஒரு விசை

இது விண்டோஸிலேயே உள்ள வசதி. பார்வை உள்ளவர்களுக்கும் உதவும். வங்கியின் சரியான முகவரிக்கு டெஸ்க்டாப்பில் ஒரு ஷார்ட்கட் செய்துவைத்து, அதன் 'புராபர்ட்டீஸ்' பெட்டியில் ஷார்ட்கட் கீ என்ற இடத்தில் ஓர் எழுத்தைத் தட்டினால், கன்ட்ரோல், ஆல்ட் இரண்டோடும் அந்த எழுத்து என்று பதிவாகும். பிறகு எங்கே இருந்தாலும் அந்த மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வங்கிப் பக்கம் திறக்கும். கூகுளில் தேடிப் போலிப் பக்கத்துக்குள் போய் மாட்டிக்கொள்ளும் ஆபத்து இதனால் குறையும். ஷார்ட்கட்டை டெஸ்க்டாப்பிலிருந்து வேறு ஃபோல்டருக்கு மாற்றினால் விசை வேலை செய்யாது.

பாஸ்வேர்டு அடிக்கும்போது என்விடிஏ எழுத்தைச் சொல்லாது, 'ஸ்டார்' என்றுதான் சொல்லும். கணக்கு இருப்பை மட்டும் சத்தமாக வாசித்துவிடும். ஹெட்போன் வைத்துக்கொள்ளுங்கள். திரையையே கறுப்பாக்கும் 'ஸ்கிரீன் கர்ட்டன்' என்ற வசதியும் அதில் உண்டு. பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. உங்களுக்குக் காதில் கேட்கும். அதற்கும் உங்களுக்கு வசதியான விசையை வைத்துக்கொள்ளலாம்.

இந்த அமைப்புகளை எல்லாம் பென் டிரைவில் எடுத்துச் செல்லவும் முடியும். 'டூல்ஸ்' பட்டியலில் போர்ட்டபிள் காப்பி செய்யும் வழி இருக்கிறது. மகன் வீட்டுக்குப் போனால் அவன் கம்ப்யூட்டரில் அதைச் செருகி என்விடிஏயைத் திறந்தால், உங்கள் விசை அங்கேயும் வரும்.

நான்கு விசைக்கு இவ்வளவு பேச்சா என்று தோன்றலாம். பார்வை போனவரிடமிருந்து முதலில் போவது தனிமையில் செய்கிற காரியங்கள்தான். கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதை அடுத்தவர் வாசித்துத்தான் அறிய வேண்டும். ஓடிபியை இன்னொருவரிடம் காட்ட வேண்டும். மருத்துவ ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறது என்று, நமக்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும். உதவி செய்கிறவர்கள் நல்லவர்கள்தான். ஆனாலும் எதைக் கேட்பது, எப்போது கேட்பது, கேட்காமல் இருப்பதா என்பதை நாம் முடிவு செய்ய வேண்டும் அல்லவா?

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

நம் வாட்ஸ்அப் குழுவில் தண்ணீர் வரும் நேரம், பராமரிப்புக் கணக்கு, லிஃப்ட் பழுது எல்லாம் நோட்டீஸ் போர்டைப் படம் எடுத்துத்தான் வருகின்றன. திரைவாசிப்பான் அதைப் 'படம்' என்று மட்டும் சொல்லும். உள்ளே இருக்கிற எழுத்து எங்களுக்கு இல்லை. மோட்டார் ஓடாது என்ற அறிவிப்பு படமாக வந்தால், பார்வை இல்லாதவர் வீட்டில் வாளி நிரம்பியிருக்காது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 42-ஆவது பிரிவில், அச்சிலும் மின்னணு ஊடகத்திலும் உள்ளவை எல்லாரும் அணுகும் வடிவில் இருக்கச் செய்யும் பொறுப்பை அரசுக்கு வைத்திருக்கிறது. நம் சங்கத்துக்குச் சட்டம் தேவையில்லை. மனசு வைத்தால் போதும். படத்தோடு நான்கு வரி டைப் செய்து போடுங்கள். கணக்கை ஸ்கேன் செய்யாமல், வேர்டிலிருந்தோ எக்செலிலிருந்தோ நேராக பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். கூடுதல் செலவு ஒரு பைசாவும் இல்லை.

என்விடிஏ வேண்டும் என்கிறவர்கள், அண்ணாச்சிமார் ஆனாலும் அக்காமார் ஆனாலும், ஞாயிற்றுக்கிழமை மாலை சங்க அறைக்கு வாருங்கள். லேப்டாப் இருந்தால் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் என்னுடையதில் பழகலாம். முதல் நாள் ஒரே ஒரு விசை, அவ்வளவுதான்.