புதிய வலைத்தளத்தில் நண்பர்களைப் பெறுவது எப்படி?

(ஏழாயிரம்பண்ணையில் விவசாயிகளிடையே வேளாண்மை விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரை)



விதையையும் உரத்தையும் பற்றிப் பேசுகிறவன் கைப்பேசியைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று உங்களுக்குத் தோன்றலாம். காரணம் இருக்கிறது. காலையில் பட்டாசு ஆலை வேனும் தீப்பெட்டி ஆலை வேனும் வந்து போனபின் இந்தக் கரிசல் காட்டில் நிற்பவர்கள் சிலரே. முன்பு வரப்பில் நின்று பக்கத்துக் காட்டுக்காரரிடம் கேட்டதை இன்று கேட்க ஆள் இல்லை. 2018ஆம் ஆண்டு மக்காச்சோளப் படைப்புழு இந்தியாவில் முதன்முதலாகக் காணப்பட்டது. பலர் அது என்ன புழு என்று தெரியாமலே மருந்து அடித்தனர். ஆனால் ஆப்பிரிக்க விவசாயிகள் 2016ஆம் ஆண்டிலிருந்தே அதனுடன் போராடி வந்தார்கள். அவர்களுள் ஒருவரோடு நமக்குப் பழக்கம் இருந்திருந்தால் எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்!

அத்தகைய பழக்கத்திற்கு ஏற்ற இடங்களில் ஒன்று மாஸ்டடான். இதை 2016ஆம் ஆண்டு ஜெர்மனியைச் சேர்ந்த யூஜென் ரோஷ்கோ தொடங்கினார். இது ஒரே கம்பெனியின் கையில் இல்லை. தபாலை எண்ணிப் பாருங்கள். நம் நாட்டுத் தபால் துறை வேறு, மலேசியாவின் தபால் துறை வேறு. ஆயினும் இங்கு போடும் கடிதம் பினாங்குக்குப் போய்ச் சேருகிறது. அதுபோல் இங்கே ‘சர்வர்’ எனப்படும் தனித்தனி நிலையங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஒவ்வொன்றையும் ஒருவரோ ஒரு குழுவோ நடத்துகிறது. ஒன்றில் சேர்ந்தாலும் மற்றவற்றில் உள்ளவர்களுடன் பேசலாம்.

2019 நவம்பரில் உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டதையொட்டி, நம் நாட்டிலிருந்து ஏராளமானோர் மாஸ்டடானுக்கு வந்தார்கள். வந்தவர்களில் பலர் நிலைக்கவில்லை. ஏன்? மற்றத் தளங்களில் நாம் சும்மா இருந்தாலும் கம்பெனியின் கணக்கீடு எதையாவது கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருக்கும். இங்கே அப்படியில்லை. நீங்கள் யாரைப் பின்தொடர்கிறீர்களோ அவர்கள் எழுதியதும் மறுபகிர்ந்ததும், நீங்கள் பின்தொடரும் குறிச்சொற்களின் பதிவுகளுமே, நேர வரிசையில், உங்கள் முகப்பில் வரும். யாரையும் பின்தொடராதவருக்கு முகப்பு வெறுமையாகவே இருக்கும். விதைக்காத காட்டைப் பார்த்து முளைப்பு இல்லை என்று திரும்பியவர்களே அதிகம் என்பது என் எண்ணம்.

ஆகவே சேர்ந்தவுடன் அறிமுகக் குறிப்பு ஒன்று எழுத வேண்டும். பொதுவாக ஒரு பதிவில் 500 எழுத்துகள் வரை இடம் உண்டு. ‘நான் விவசாயி’ என்று எழுதினால் யாரும் பேச வரமாட்டார்கள். ‘வெம்பக்கோட்டை வட்டாரம், மானாவாரிக் கரிசல், மூன்று ஏக்கர், பருத்தியும் மக்காச்சோளமும், இரண்டு வெள்ளாடு’ என்று எழுதுங்கள். அதே மண்ணும் அதே தொல்லையும் உள்ளவர் தேடி வருவார். கைப்பேசி எண்ணை எழுத வேண்டாம். கடைசியில் #விவசாயம், #பருத்தி என்று குறிச்சொற்களைச் சேர்க்க வேண்டும். இங்கே புதியவரைப் பிறர் கண்டுபிடிப்பது பெரும்பாலும் இவற்றின் வழியாகத்தான். குறிச்சொல்லையே பின்தொடரும் வசதியும் இருக்கிறது. பதிவின் மொழியைத் தமிழ் என்று குறித்துவிடுங்கள்.

அடுத்தது கேள்வி கேட்கும் முறை. இதில்தான் நம்மவர்கள் மிகவும் பின்தங்கியுள்ளார்கள். ‘புழு விழுந்துவிட்டது, என்ன அடிக்கலாம்?’ என்று கேட்டால் மருந்து விற்பவர் மட்டுமே பதில் சொல்வார். விதைத்த தேதி, பயிரின் வயது, கடைசி மழை, இதுவரை அடித்த மருந்து ஆகியவற்றை எழுதுங்கள். படம் எடுக்கும்போது புழுவின் தலையும் வால்பகுதியும் தெரிய வேண்டும். படைப்புழு என்றால் தலையில் தலைகீழான ‘ஒய்’ போன்ற வெளிர்கோடும், வால்பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகளும் காணப்படும். இப்படிக் கேட்பவருக்கு அனுபவசாலி பதில் எழுதுவார். பத்து நாள் கழித்துப் பயிர் எப்படியிருக்கிறது என்று நீங்களும் அவருக்கு எழுதுங்கள். நட்பு அதில்தான் பிடிக்கும். தினமும் ரோஜாப்பூப் படத்துடன் ‘இனிய காலை வணக்கம்’ அனுப்புவதால் பிடிக்காது!

இருவர் மட்டும் பேசும் தனிச்செய்தியும் உண்டு. ஆனால் அதைச் சர்வர் நடத்துபவர் நினைத்தால் படிக்க முடியும். கடன், வழக்கு முதலியவற்றை அதில் எழுதாதீர்கள். நடத்துபவர் யார், விதிகள் என்ன என்று பார்த்தே சேருங்கள். பிடிக்காவிட்டால் வேறு சர்வருக்கு மாறலாம். உங்களைப் பின்தொடர்பவர்களும் உடன் வருவார்கள், பழைய பதிவுகள் வாரா.

ஏற்கெனவே அங்கு இருப்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. புதியவரின் அறிமுகத்திற்கு நட்சத்திரக் குறி இடுவதோடு நிற்காதீர்கள். அது எழுதியவருக்குத் தெரியவரும், ஆனால் உங்களைப் பின்தொடர்பவர்களிடம் பரவாது. மறுபகிர்வு செய்தால்தான் உங்களைப் பின்தொடர்பவர்களின் முகப்புக்குப் போகும். அவர் கேட்டதற்கு விடை தெரியாவிட்டால், தெரிந்தவரின் பெயரைக் குறிப்பிட்டு அழையுங்கள். இவற்றை இப்போதே தொடங்கினால், புரட்டாசி விதைப்பு வரும்போது கேட்க நாலு பேர் இருப்பார்கள்.