குடும்பப் பெயரை எழுதினவன் யார்?



பாட்டன், முப்பாட்டன் சரித்திரத்தைத் தேடுவதும், குடும்பப் பெயருக்கு மூலம் காண்பதும் அநேகருக்கு ஆசையாயிருக்கின்றது. அதை வேண்டாமென்று சொல்ல நாம் வரவில்லை. ஆனால், தேடிக் கண்ட பெயரை முதலில் எழுதினவன் யார், என்ன உத்தேசத்தோடு எழுதினான் என்று கேட்க வேண்டாமா?

அமெரிக்காவில் கறுப்பு மக்கள் தங்கள் முன்னோரைத் தேடிப் போனால், பெரும்பாலோருக்கு 1870-ம் வருஷத்து ஜனக்கணக்கோடு வழி அடைபட்டுப் போகின்றது. காரணமென்ன? 1850, 1860 கணக்குகளில் அடிமைகளுக்குத் தனிப் பட்டியல் போட்டார்கள். அதில் எஜமானன் பெயர் இருக்கும். அதன் கீழ் அடிமையின் வயதும், ஆணா பெண்ணா என்பதும், நிறமும் இருக்கும். அடிமையின் பெயர் பெரும்பாலும் இராது. கொட்டிலில் மாட்டை எண்ணுகிறவன், மாட்டின் பெயரைக் கேட்டா எழுதுவான்?

பிரடரிக் டக்ளஸ் என்பவரை எடுத்துக் கொள்ளுங்கள். மேரிலாந்து மாகாணத்தில் அடிமைத் தாய்க்குப் பிறந்தவர். தாம் பிறந்த தேதி இன்னதென்று அறியாமலே 1895-ல் மாண்டார். 1818 பிப்ரவரி என்று எஜமானனின் கணக்குப் புஸ்தகத்தில் குறித்திருந்தது பிற்காலத்தில்தான் வெளியாயிற்று! தாய்வழி வந்த அவருடைய பெயர் பெய்லி. 1838-ல் தப்பியோடியபின், பிடிக்க வருகிறவர்களுக்கு அஞ்சி ஜான்சன் என்று மாற்றிக் கொண்டார். நியூ பெட்போர்டு என்ற ஊருக்குப் போனால், அங்கே ஜான்சன்கள் மலிந்து கிடந்தார்கள். ஆதரவு கொடுத்த நண்பர், தாம் படித்துக் கொண்டிருந்த ஸ்காட் என்னும் கவியின் கதைப்பாட்டிலிருந்து டக்ளஸ் என்ற பெயரை எடுத்துக் கொடுத்தார். அந்தப் பெயரோடுதான் 1845-ல் தம் சரித்திரத்தை எழுதி, அடிமைத்தனத்தின் கொடுமையை உலகறியச் செய்தார்.

தோழர்களே! டக்ளஸ் என்பது அவருடைய பாட்டன் தேடி வைத்த சொத்தா? கடவுள் தந்த வரமா? இரண்டுமில்லை. அந்தப் பெயரால் அவருக்குப் பெருமை வரவில்லை. அவரால் பெயருக்குப் பெருமை வந்தது.

நம் நாட்டில் பெயருக்குப் பின்னால் ஒட்டிக் கொள்ளுகிற ஜாதிப் பட்டத்தின் சங்கதி என்ன? ஒருவனை மேலென்றும் ஒருவனைக் கீழென்றும் காட்டுவதைத் தவிர அதற்கு வேறு வேலை உண்டா? அதனாலன்றோ 1929-ல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, ஜாதிப் பட்டங்களை விட்டுவிட வேண்டுமென்று தீர்மானித்தது!

ஆகையால், முன்னோர் உழைத்த உழைப்பையும் பட்ட பாட்டையும் தாராளமாகத் தேடுங்கள். அவை நமக்குப் பாத்தியப்பட்டவை. பிறர் அவர்கள்மேல் குத்திய முத்திரையை நாமும் சுமக்க வேண்டியதில்லை என்பதே நமது அபிப்பிராயம்.